மெட்ராஸ் பெயரில் ஒரு நோய்

1/
ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்த இழை இது. கொஞ்சம் நீளம். டீ ஒன்னு போட்டு வெச்சுக்கிட்டு உட்காருங்க. எம்.என்.டி-ன்னு சொல்ற நரம்பு நோய் பத்தியும், அதுல ஒரு வகைக்கு நம்ம மெட்ராஸ் பெயர் வந்த வரலாறு பத்தியும், அந்தப் பழைய வரலாறு கம்பம் பள்ளத்தாக்குல ஒரு வீட்டுக்கு எப்படிக் கை கொடுத்துச்சுங்கறது பத்தியும் எழுதுறேன்.

2/
மூணு வருஷத்துக்கு முன்னாடி, தை மாசக் கடைசி. கம்பத்துக்குப் பக்கத்து ஊர்ல இருந்து ஒரு அம்மா, மகன், மகனோட தாய்மாமா மூணு பேரும் வந்தாங்க. (ஆள் யாருன்னு தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) பையனுக்கு 24 வயசு. ஒல்லியான உடம்பு. பன்னீர் திராட்சைத் தோட்டத்துல வேலை.
"கவாத்துக் கத்தரியை அமுக்க முடியல சார். ரெண்டு வருஷமா வெரல் சூம்பிக்கிட்டே வருது. சட்டைப் பட்டனை அம்மாதான் போட்டு விடுறாங்க."
பேச்சும் லேசா கொழகொழன்னு இருந்துச்சு. நாக்கை நீட்டச் சொன்னேன். நாக்கு ஓரத்துல சதை புழு நெளியுற மாதிரி துடிச்சுது.

3/
கையில ஒரு ஃபைல். அதுல ஒரு சீட்டுல "எம்.என்.டி" என்று எழுதி, பக்கத்துல ஒரு கேள்விக்குறி. அந்த மூணு எழுத்தை வெச்சு வீட்ல எல்லாரும் செல்போன்ல தேடித் தேடி வீடியோ பாத்திருக்காங்க. கோடாங்கிகிட்டயும் போய்ட்டு வந்திருக்காங்க.
மாமா மெதுவா கேட்டார்: "இது மூணு வருஷ வியாதியாமே சார்? வெளியூர்ல ஒரு இடத்துல ஸ்டெம் செல் ஊசி போடுறாங்களாம். நாலு தவணை. பந்தலோட சேத்து முக்கா ஏக்கரைக் கிரயம் பேசிட்டோம். அட்வான்ஸ் இன்னும் வாங்கல. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

4/
நான் பதில் சொல்றதுக்குள்ள அந்த அம்மா ஒன்னு சொன்னாங்க. "கூப்பிட்டாக்கூட திரும்பிப் பாக்க மாட்டேங்குறான் சார். எங்க மேல கோவமா இருக்கான்னு நெனச்சோம்."
பையன் பின்னாடி போய் நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பல. கொஞ்சம் சத்தமா கூப்பிட்டேன். அப்பத்தான் திரும்பினான்.
அந்த இடத்துல, படிக்கிற காலத்துல எப்பவோ பாடப் புத்தகத்துல பாத்த நாலு வரி ஞாபகத்துக்கு வந்துச்சு. சின்ன வயசு. ஒல்லி உடம்பு. சூம்பின கை. காது மந்தம். அந்த நாலு வரிக்கு மேல இருந்த தலைப்பு: மெட்ராஸ் மோட்டார் நியூரான் டிசீஸ்.

5/
முதல்ல எம்.என்.டி-ன்னா என்னன்னு பாத்துடுவோம். நம்ம பள்ளத்தாக்குக்காரங்களுக்கு இதை விளக்குறது சுலபம்.
முல்லைப் பெரியாறு அணைத் தண்ணி சுரங்கம் வழியா மலையைக் கடந்து லோயர் கேம்ப் வந்து, ஆத்துல விழுந்து, வாய்க்கால் வழியா வயலுக்கு வருது இல்லையா. அதே மாதிரி மூளையில இருந்து தண்டுவடம் வரைக்கும் ஒரு நரம்பணு. தண்டுவடத்துல இருந்து தசை வரைக்கும் இன்னொரு நரம்பணு. "கையை மடக்கு" என்ற கட்டளை இந்த ரெண்டு வழியாத்தான் தசைக்குப் போகுது.

6/
வயல்ல குறை ஒன்னும் இல்லை. வாய்க்கால் தூர்ந்து போச்சுன்னா வயல் காயும். எம்.என்.டி-ல நடக்கறது அதுதான். கட்டளையைக் கொண்டு போற நரம்பணுக்கள் ஒவ்வொன்னா சாகுது. தசை சூம்புது, துடிக்குது, பலம் குறையுது. கை, கால், அப்புறம் முழுங்குறது, பேசுறது, கடைசியா மூச்சு விடுற தசைகள். தொடு உணர்வு பெரும்பாலும் அப்படியே இருக்கும். பலருக்கு அறிவும் தெளிவாவே இருக்கும். நடக்கறது எல்லாம் அவங்களுக்குத் தெரியும்.

7/
இந்த நோயை முதல்ல முழுசா வரைஞ்சு காட்டியவர் பாரிஸ் சால்பெட்ரியேர் மருத்துவமனையின் ஷார்கோ. 1869-ல் தொடங்கி, உயிரோடு இருந்தப்ப நோயாளியிடம் பார்த்த அறிகுறிகளையும் இறந்த பிறகு தண்டுவடத்தில் பார்த்த சேதத்தையும் ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தார். 1874-ல் பெயர் வைத்தார். இன்னைக்கு ஏ.எல்.எஸ் என்று சுருக்கிச் சொல்றது அந்தப் பெயரைத்தான். தசை சூம்புவதும் தண்டுவடத்தின் பக்கவாட்டுப் பகுதி இறுகுவதும் சேர்ந்த நோய் என்பது அதன் பொருள்.

8/
ஷார்கோ வகை பெரும்பாலும் 50, 60 வயசுல வரும். பலருக்கு அறிகுறி தொடங்கி ரெண்டுல இருந்து அஞ்சு வருஷத்துல மூச்சுத் தசைகள் கை விட்டுடும். வீடியோக்கள்ல வர்ற "மூணு வருஷம்" இங்க இருந்து வந்ததுதான்.
அமெரிக்க பேஸ்பால் வீரர் லூ கெரிக்குக்கு 1939-ல் கண்டுபிடிச்சாங்க. 1941-ல் இறந்துட்டார். அந்த ஊர்ல இந்த நோய்க்கு அவர் பெயரையே சொல்றாங்க.
ஆனா ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-ல், 21 வயசுல கண்டுபிடிச்சாங்க. ரெண்டு வருஷம்தான்னு கெடு சொன்னாங்க. அவர் இறந்தது 2018-ல், 76 வயசுல.
ரெண்டு பேர் ஃபைல்லயும் இருந்தது ஒரே பெயர்தான்.

9/
இப்ப மெட்ராஸுக்கு வருவோம். 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி இங்கிலாந்தில் பயிற்சி முடிச்சு வந்து, மெட்ராஸ் அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கே, அந்த ஜெனரல் ஆஸ்பத்திரிதான். அடுத்த வருஷமே இந்திய நரம்பியல் சங்கம் மெட்ராஸில் உருவாச்சு. அதைத் தொடங்கிய நால்வரில் அவரும் ஒருத்தர். கொஞ்சம் கொஞ்சமா மாகாணத்தின் எல்லா மூலையில் இருந்தும் நரம்பு நோயாளிகள் அங்க வர ஆரம்பிச்சாங்க.

10/
அந்த வார்டுல டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. வெளிநாட்டுப் புத்தகம் எம்.என்.டி-க்கு 50 வயசு, 60 வயசுன்னு சொல்லுது. ஆனா கட்டில்ல படுத்திருக்கறது பதினஞ்சு, இருபது வயசுப் பிள்ளைங்க. ஒல்லியான உடம்பு. கை கால் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைச்சலா சூம்பியிருக்கு. முகத்துத் தசை தளர்ந்திருக்கு. முழுங்குறதுல, பேசுறதுல சிரமம். அதுல பலருக்குக் காது கேட்கல. எம்.என்.டி-ல காது போகும்னு எந்தப் புத்தகத்துலயும் இல்லை.

11/
இன்னொரு முக்கியமான விஷயம். இந்தப் பிள்ளைங்க அடுத்த வருஷமும் நடந்து வந்தாங்க. அதுக்கு அடுத்த வருஷமும் வந்தாங்க. நோய் நகர்ந்துச்சு, ஆனா மெதுவா நகர்ந்துச்சு.
"நம்ம கேஸ் புத்தகத்துக்குப் பொருந்தல, ஏதோ தப்பா பாக்குறோம்"னு விட்டிருக்கலாம். விடல. 1970-ல் டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் சேர்ந்து, மெட்ராஸில் இளம் வயதினரிடம் காணப்படும் எம்.என்.டி எப்படி இருக்கிறது என்று 'நியூராலஜி இந்தியா' இதழில் எழுதினார்கள். மருத்துவ உலகத்தில் "மெட்ராஸ் வகை" என்ற பெயருக்கு வேர் அந்தக் கட்டுரைதான்.

12/
இதோட அருமை புரிய அந்தக் காலத்தை நினைச்சுப் பாருங்க. தலையை ஸ்கேன் எடுக்குற வசதி இல்லை. மரபணு சோதனை இல்லை. இருந்தது சுத்தியல், டார்ச், ட்யூனிங் ஃபோர்க், கேஸ் ஷீட், பொறுமை. ஒவ்வொருத்தரையும் உட்கார வெச்சு, எப்ப தொடங்குச்சு, எந்த விரல் முதல்ல, காது எப்ப மங்குச்சு, வீட்ல வேற யாருக்காவது உண்டான்னு கேட்டு எழுதி எழுதி, அந்தக் குவியல்ல இருந்து ஒரு உருவத்தைக் கண்டுபிடிச்சாங்க.

13/
அந்தக் குவியல்ல நம்ம பக்கத்து ஆளுங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்கன்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.
அப்ப தேனி தனி மாவட்டமே இல்லை. 1997 வரைக்கும் நாம மதுரை மாவட்டம். கம்பத்துக்கு ரயில் அன்னைக்கும் கிடையாது, இன்னைக்கும் கிடையாது. போடியில இருந்து மதுரைக்கு ஒரு மீட்டர் கேஜ் வண்டி. 1928-ல் வந்த பாதை அது. யுத்த காலத்துல தண்டவாளத்தையே பேத்து எடுத்துட்டு, 50-கள்ல மறுபடி போட்டாங்க. அதுல மதுரை போய், அங்க இருந்து ராத்திரி ரயில்ல எக்மோர் போய், அங்க இருந்து ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போகணும். கை சூம்பின, காது கேட்காத ஒரு பிள்ளையைக் கூட்டிக்கிட்டு.

14/
ஏலத் தோட்டத்துல கூலி வேலை பாத்த குடும்பத்துக்கு அந்தப் பயணச் செலவு எத்தனை நாள் கூலின்னு கணக்குப் போட்டுக்கோங்க. மருத்துவக் கட்டுரைகள்ல இருக்கறவங்க எல்லாம் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சவங்க மட்டும்தான். மிதிக்க முடியாதவங்க ஊர்லயே "கை சூம்பினவன்", "செவிடன்" என்ற பட்டப் பெயரோட வாழ்ந்துட்டுப் போயிருப்பாங்க. அவங்க எந்த எண்ணிக்கையிலயும் வரல.
(அந்த மீட்டர் கேஜ் வண்டியும் 2010 கடைசியில நின்னு போச்சு. அகல ரயில் தேனிக்கு 2022-லயும், போடிக்கு 2023-லயும்தான் வந்துச்சு. இப்ப போடியில ஏறினா நேரா சென்ட்ரல்ல இறங்கலாம். ஆஸ்பத்திரி எதிர்த்தாப்புல.)

15/
அடுத்து பெங்களூரு நிம்ஹான்ஸ். டாக்டர் கௌரி தேவியும் சுரேஷும் 1988-ல் தென்னிந்தியாவில் மெட்ராஸ் வகை நோயாளிகளைப் பற்றி வெளிநாட்டு இதழில் எழுதினார்கள். 2008-ல் டாக்டர் நளினியும் குழுவினரும் 1971 முதல் 2007 வரை 36 வருஷத்தில் அங்கே பார்த்த நோயாளிகளைத் தொகுத்து எழுதினார்கள். மொத்தம் 116 பேர்.
36 வருஷம், 116 பேர். வருஷத்துக்கு மூணு சொச்சம். எவ்வளவு அபூர்வம்னு பாருங்க. ஒருத்தர் ஆரம்பிச்ச கணக்கை இன்னொருத்தர் தொடர்ந்து எழுதினாத்தான் இப்படி ஒரு தொகுப்பு கிடைக்கும்.

16/
அந்தத் தொகுப்புகள் சொன்ன செய்தி இதுதான்: இது பெரும்பாலும் 30 வயசுக்குள்ள தொடங்கும். தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா ஆட்கள்தான் அதிகம். பெரும்பாலானவங்க குடும்பத்துல வேற யாருக்கும் இருக்காது. ஷார்கோ வகையை விட ரொம்ப மெதுவா போகும். பல வருஷம், சிலர் பத்தாண்டுகள் தாண்டியும் வாழ்ந்திருக்காங்க.
எம்.என்.டி-ங்கற மூணு எழுத்து ஒரு நோயோட பேர் இல்லை, ஒரு குடும்பப் பேர். அந்தக் குடும்பத்துல யாருன்னு தெரியாம ஆயுசு கணக்கு சொல்றது தப்பு.

17/
இதே குடும்பம்னு தப்பா நினைக்கப்படற இன்னொன்னையும் சொல்லிடறேன். 1959-ல் ஜப்பான்ல ஹிராயாமா என்ற டாக்டர், வாலிபப் பையன்களுக்கு ஒரே ஒரு கை மட்டும் சூம்புறதைப் பற்றி எழுதினார். கொஞ்ச வருஷம் சூம்பும், அப்புறம் தானா நின்னுடும். நம்ம நாட்டுலயும் இதே மாதிரி ஒரே கையோ காலோ சூம்புற இளைஞர்களைப் பற்றி 1984-ல் நிம்ஹான்ஸ் குழு எழுதினாங்க.
கழுத்தைக் குனிய வெச்சு எடுக்கிற எம்.ஆர்.ஐ-ல ஹிராயாமா பிடிபடும். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா கழுத்துப் பட்டையே பெரிய வைத்தியம். இந்தப் பையன்களுக்கும் "எம்.என்.டி, மூணு வருஷம்"னு சொல்லி வீட்டுக்கு அனுப்பினா எப்படி இருக்கும்?

18/
சரி, மெட்ராஸ் வகை ஏன் வருது? 1973-லயே மெட்ராஸ் டாக்டர்கள் நோயாளிகளின் உடல் வேதியியலில் காரணம் தேடி, இங்கிலாந்து இதழில் எழுதினார்கள். இன்று வரைக்கும் உறுதியான காரணம் கிடைக்கல. ஆனா அந்தத் தேடலில் ஒரு அத்தியாயம் சினிமா மாதிரி இருக்கும். அதைக் கட்டாயம் சொல்லணும், ஏன்னா நம்பிக்கை எப்படி வேலை செய்யணும்னு அது காட்டுது.

19/
ஐரோப்பாவில் ஒரு அபூர்வ நோய் உண்டு. 1894-ல் பிரவுன், 1936-ல் வியலெட்டோ, 1966-ல் வான் லேர் என்று மூணு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்து எழுதியது. சின்ன வயசுல காது போகும், அப்புறம் முகம், முழுங்குறது, கை கால். கேட்டா நம்ம மெட்ராஸ் வகை மாதிரியே இல்ல? 1987-லயே லண்டன் டாக்டர்கள் சிலர் ஒரு நோயாளியை வெச்சு, "இது வியலெட்டோ நோயா, மெட்ராஸ் நோயா?" என்று தலைப்பிலேயே கேட்டு எழுதினாங்க.

20/
2010-ல் அந்த ஐரோப்பிய நோய்க்குக் காரணம் பிடிபட்டது. பி2 வைட்டமினை, அதாவது ரிபோஃபிளேவினை, உடம்புக்குள்ள எடுத்துட்டுப் போற கதவு ஒன்னு மரபணுக் கோளாறால பழுது. சாப்பாட்டுல வைட்டமின் இருக்கு, ஆனா செல்லுக்குள்ள போகல. அப்ப அதிக அளவு பி2 கொடுத்தா? கொடுத்துப் பாத்தாங்க. படுத்த படுக்கையா இருந்த குழந்தைகள்ல பலர் தேறினாங்க. மூச்சுக் கருவியில இருந்து வெளியே வந்த குழந்தைகளும் உண்டு. மாத்திரை விலை சொற்பம்.

21/
அந்தச் செய்தி வந்தப்ப நரம்பியல்காரங்க மனசுல என்ன ஓடியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. மெட்ராஸ் வகையும் இதேதான்னு ஆகிட்டா, 40 வருஷப் புதிருக்கு ஒரு வைட்டமின் மாத்திரையில விடை!
நிம்ஹான்ஸ் டாக்டர் நளினியும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து மெட்ராஸ் வகை நோயாளிகளின் மரபணுக்களில் அந்தக் கதவுகளைச் சோதிச்சாங்க. 2013-ல் முடிவு வந்தது: அந்தக் கதவுகள் இவங்களுக்குப் பழுதாகல. மெட்ராஸ் வகை வேற நோய்.

22/
ஏமாற்றம்தான். ஆனா அந்த ஏமாற்றத்தால ஒரு நன்மை இருக்கு. காது மந்தமும் முழுங்குற சிரமமும் சேர்ந்து வர்ற இளம் நோயாளியைப் பாத்தா, இப்ப டாக்டர்கள் முதல்ல பி2 நோயான்னு சோதிக்கிறாங்க. சோதனை முடிவு வரும் வரைக் காத்திருக்காம உடனே பி2 தொடங்குறாங்க. அந்த ஒருத்தரைத் தவற விட்டுடக் கூடாது இல்லையா.
(கடையில கிடைக்கிற சாதாரண பி காம்ப்ளெக்ஸ் இதுக்குப் போதாது. அளவு, காலம் எல்லாம் நரம்பியல் டாக்டர்தான் சொல்லணும். நீங்களே வாங்கிப் போட்டுக்காதீங்க.)

23/
இப்ப ஷார்கோ வகைக்கான மருந்துகளோட கதை. சுருக்கமா.
ரிலுசோல்: 1994-ல் ஆய்வு முடிவு. மருந்து எடுத்தவங்கள்ல ஒரு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 74 சதவீதம். எடுக்காதவங்கள்ல 58. நோயைக் குணப்படுத்தாது, சில மாசங்களைக் கூட்டிக் கொடுக்கும். நம்ம ஊர்லயே கிடைக்குது.
லித்தியம்: 2008-ல் இத்தாலியில 16 பேருக்குக் கொடுத்து, நோய் நின்ன மாதிரி இருக்குன்னு எழுதினாங்க. உலகம் முழுக்க நோயாளிகள் தாங்களே வாங்கிக் குடிச்சாங்க. பெரிய ஆய்வுகள் வந்தப்ப பலன் எதுவுமே இல்லைன்னு ஆச்சு.

24/
2014-ல் எல்லாரும் தலையில ஐஸ் தண்ணி ஊத்திக்கிட்டோமே, ஞாபகம் இருக்கா? அது இந்த நோய்க்காகத்தான். அமெரிக்க சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் சேர்ந்தது.
2022-ல் ரெலிவ்ரியோ என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்துச்சு. 2024-ல் பெரிய ஆய்வு தோத்துச்சு. தயாரிச்ச நிறுவனமே சந்தையில இருந்து எடுத்துடுச்சு.
2023-ல் டோஃபெர்சன் வந்துச்சு. சாட்1 என்ற மரபணு பழுதால வர்ற எம்.என்.டி-க்கு மட்டும், அதாவது நூத்துல ரெண்டு பேருக்கு. தண்டுவட நீர்ல போடுற ஊசி. அந்த மரபணுவைக் கண்டுபிடிச்சது 1993-ல். கண்டுபிடிப்புக்கும் ஊசிக்கும் நடுவுல 30 வருஷம்.

25/
இதுல ஜெயிச்ச மருந்தும் இருக்கு, தோத்த மருந்தும் இருக்கு. ரெண்டுமே ஊர் அறியச் சோதிச்சு, ஊர் அறியச் சொன்னது. பி2, டோஃபெர்சன் ரெண்டுக்கும் பொதுவா ஒன்னு இருக்கு: எந்த வகைன்னு சரியாப் பிரிச்ச பிறகுதான் மருந்து கிடைச்சுது. எல்லா எம்.என்.டி-க்கும் ஒரே ஊசின்னு சொல்றவங்ககிட்ட இந்தப் பிரிக்கிற வேலையே கிடையாது.

26/
இதைத்தான் அந்த மாமாகிட்ட அன்னைக்குச் சொன்னேன். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல் தெளிவா இருக்கு: ரத்தம் சம்பந்தப்பட்ட, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சில நோய்களைத் தவிர மத்த எதுக்கும் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது.
"அது ஆய்வுதான்னு சொன்னாங்க சார்"னார்.
"அப்ப ரெண்டு கேள்வி கேளுங்கண்ணே. ஒன்னு, சி.டி.ஆர்.ஐ பதிவு எண் என்ன? இந்தியாவுல 2009-ல இருந்து மருந்து ஆய்வுன்னா அதுல பதிஞ்சே ஆகணும். ரெண்டு, ஆய்வுன்னா எங்ககிட்ட எதுக்குக் காசு?"
அவர் அங்கேயே போன் போட்டார். முதல் கேள்விக்கு "மேடம்கிட்ட கேட்டுச் சொல்றோம்"னாங்க. திரும்பக் கூப்பிடவே இல்லை.

27/
"அப்ப ஒன்னுமே பண்ண முடியாதா?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க. நிறைய பண்ணலாம். இன்னைக்கே, கையில இருக்கிறதை வெச்சே.
மூச்சு: 2006-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்னு. முகத்துல மாட்டுற பைபேப் மூச்சுக் கருவி, தொண்டைத் தசை ரொம்பப் பாதிக்காத நோயாளிகளுக்கு ஆயுளை நடுக்கணக்கா 205 நாள் கூட்டிக் கொடுத்துச்சு. எந்த மாத்திரையும் அவ்வளவு கொடுத்ததா நிரூபிக்கல. படுத்தா மூச்சு முட்டுது, காலையில தலைவலி, பகல்ல தூக்கம்னா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

28/
சாப்பாடு: தண்ணிதான் முதல்ல புரை ஏறும். கொஞ்சம் கெட்டியா கொடுங்க. கேப்பைக் கூழ் பதம் நல்லது. தலையைக் கொஞ்சம் குனிஞ்சு முழுங்கணும். எடை குறைஞ்சுக்கிட்டே போனா, வயித்துல டியூப் வைக்கிறதைத் தள்ளிப் போடாதீங்க. மூச்சு நல்லா இருக்கும்போதே வெச்சுட்டா ஆபத்து குறைவு.
காது: கருவி வைங்க. கை ஏற்கெனவே சூம்பியிருக்கு, பேச்சும் குழறுது. காதும் அடைச்சுட்டா அந்த ஆள் வீட்டுக்குள்ளேயே தனித் தீவு.
வீடு: மக்களைத் தேடி மருத்துவத்துல இயன்முறை சிகிச்சையும் வலி ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருது. ஊர் சுகாதார நிலையத்துல பேர் கொடுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல நாட்பட்ட நரம்பியல் நோய்களும் உண்டு. அட்டைக்கு விண்ணப்பிங்க.

29/
பையன் மதுரை போனான். அங்க இருந்து பஸ்ல பெங்களூரு போனான். காது சோதனையில நரம்புக் கேள்விக் குறை. குனிஞ்சு எடுத்த எம்.ஆர்.ஐ-ல கழுத்து சரியா இருந்துச்சு. அதிக அளவு பி2 சில மாசம் கொடுத்துப் பாத்தாங்க. மாற்றம் இல்லை. மரபணு சோதனையிலயும் பி2 நோய் இல்லைன்னு வந்துச்சு. கடைசி சீட்டுல "மெட்ராஸ் வகை" என்று எழுதியிருந்தாங்க. இந்தத் தடவை கேள்விக்குறி இல்லை.
குணமாக்குற மருந்து இதுக்கு இன்னும் இல்லை. அதையும் அவன்கிட்ட மறைக்காமத்தான் சொன்னோம். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப மூணு வருஷ கணக்கு எனக்கு இல்லல சார்?"னு மட்டும் கேட்டான். "அந்தக் கணக்கு உனக்குப் போட்டது இல்லப்பா"ன்னு சொன்னேன்.

30/
போன தை மாசத்தோட மூணு வருஷம் முடிஞ்சுது. கத்தரி பிடிக்கிறது இல்லை. இடது கை இன்னும் சூம்பியிருக்கு. சாப்பிட நேரம் கூடப் பிடிக்குது, ரெண்டு தடவை புரை ஏறி ஆஸ்பத்திரியில சேத்தாங்க. ஆனா காதுக் கருவி மாட்டியிருக்கான். அறுவடைக்குத் திராட்சை எடை போடுறப்ப பக்கத்துல உட்கார்ந்து, செல்போன்ல ஒத்தை விரலால கணக்கை ஏத்துறது அவன்தான். நடந்துதான் கிளினிக்குக்கு வர்றான். நிலம் விக்கல. பந்தல் அப்படியே இருக்கு.
போன வாரம் வந்தப்ப அந்த அம்மா ஒரு பை பழம் வெச்சுட்டுப் போனாங்க. "நம்ம பந்தல் பழம் சார்"னாங்க.

31/
இதைப் படிக்கிற உங்க ஊர்லயும் சின்ன வயசுல கை சூம்பிப் போய், "கூப்பிட்டாலும் திரும்பாத" யாராவது இருக்கலாம். தயவுசெஞ்சு ஒரு தடவை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. பி2 நோயா இருந்தா மருந்தே இருக்கு. ஹிராயாமாவா இருந்தா கழுத்துப் பட்டை இருக்கு. மெட்ராஸ் வகையா இருந்தா முன்னால இன்னும் வருஷங்கள் இருக்கு, அந்த எண்ணிக்கையில இன்னொரு ஆளும் சேருவார். மீனாட்சிசுந்தரமும் ஜெகந்நாதனும் ராமமூர்த்தியும் எண்ண ஆரம்பிச்ச கணக்கு இன்னும் முடியல.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஓ.பி முடிஞ்சு ராத்திரி பதில் போடுறேன். இழை முடிந்தது.